எம்எல்பி டிவி சந்தா: ஒரே ஆட்டக்காரரை ஒரு சீசன் முழுக்கப் பார்த்த கதை

அமெரிக்க பேஸ்பாலின் முதன்மை லீக்கான எம்எல்பியின் ஆட்டங்களை இணையத்தில் காட்டும் எம்எல்பி டிவிக்கு, 2024 சீசனுக்கு வருடச் சந்தா கட்டினேன், 149.99 டாலர். கட்டும்போதே ஒரு திட்டம் இருந்தது. முப்பது அணிகளையும் மேய்ந்துகொண்டிருக்காமல் ஒரே ஒரு ஆட்டக்காரரை, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் ஃபர்ஸ்ட் பேஸ்மேன் (பேட்டர் ஓடிச் சேர வேண்டிய நான்கு பேஸ்களில் முதலாவதைக் காப்பவர்) ஃப்ரெடி ஃப்ரீமேனை, முதல் ஆட்டத்திலிருந்து கடைசி வரைக்கும் பின்தொடர்வது. ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் ஏழு மாதம் மனதை எப்படி வைத்துக்கொள்கிறார் என்று பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆகவே இந்த விமர்சனமும் அந்தக் கோணத்திலிருந்துதான். படம் எவ்வளவு தெளிவு, எந்தப் பெட்டியில் எப்படி ஓடுகிறது என்றெல்லாம் தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கு இதில் அதிகம் இருக்காது.

காரணம் என் மகள். பதினொரு வயது, பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பால் ஆடுகிறாள். நன்றாகவே ஆடுகிறாள், ஆனால் ஒரு ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக், அதாவது மூன்று பந்தைக் கோட்டைவிட்டு அவுட் ஆவது) ஆகிவிட்டால் போதும், அன்றைய ஆட்டமே அவளுக்கு முடிந்துபோகும். அடுத்த முறை பேட்டை எடுத்துக்கொண்டு வரும்போது தோள் இறங்கியிருக்கும், முகத்தில் பழைய பந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், மூன்றே பந்தில் மறுபடி அவுட். "அதை விடு, அடுத்த பந்தைப் பார்" என்று நான் சொன்னால் அது அம்மா சொல்வது, அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் விளையாட்டுக்கான மனப்பயிற்சிச் செயலி ஒன்றுக்குப் பணம் கட்டிப் பார்த்தோம், பெயர் வேண்டாம். மணி அடிக்கும், மூச்சை இழுத்து விடச் சொல்லும், கனிவான ஆண் குரல் ஒன்று "வெற்றியைக் கண்முன் கொண்டு வாருங்கள்" என்று சொல்லும். மூன்றாவது வாரம் மகள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "இவர் எப்பவாவது அவுட் ஆகியிருக்காராம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவுட் ஆகிற ஆளையே காட்டிவிடலாம் என்று அப்போது தோன்றியதுதான்.

சரி, சந்தா விஷயத்துக்கு வருகிறேன். பணம் கட்டுவதற்கு முன் தெரிந்தே ஆக வேண்டியது ஒன்று உண்டு, பிளாக்அவுட். 2024இல் அமெரிக்காவுக்குள் இருந்தால் உங்கள் பகுதிக்கு உரியதாகக் குறிக்கப்பட்ட அணியின் ஆட்டத்தை இதில் நேரலையாகப் பார்க்க முடியவில்லை, ஆட்டம் முடிந்து சுமார் தொண்ணூறு நிமிடம் கழித்துத்தான் பதிவு திறந்தது. அயோவா மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இப்படி ஆறு அணிகள் அடைபட்டுப் போயின, அந்த மாநிலத்தில் ஒரு எம்எல்பி அணிகூட இல்லாதபோதும். தேசிய அளவில் தனி உரிமை வாங்கிய சேனல்களில் போகும் ஆட்டங்களும் அமெரிக்காவுக்குள் நேரலையாக வரவில்லை. போஸ்ட்சீசன் (வழக்கமான சீசன் முடிந்ததும் சாம்பியனைத் தீர்மானிக்கும் சுற்றுகள்) நேரலைக்கு அமெரிக்காவில் தனியாகக் கேபிள் கணக்கு வேறு வேண்டியிருந்தது. சொந்த ஊர் அணிக்காக மட்டும் சந்தா எடுக்கிறவர்கள் முதலில் தங்கள் அஞ்சல் எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ரசிகன் தன் அணியைப் பார்க்கத்தானே பணம் கட்டுகிறான், அவனுக்கு அதையே மறைப்பது எந்த வியாபாரக் கணக்கிலும் எனக்கு நியாயமாகப் படவில்லை. எங்களுக்கு டாட்ஜர்ஸ் வெளியூர் அணி என்பதால் பெரிய சிக்கல் வரவில்லை. வராத ஆட்டங்களைப் பதிவாகப் பார்த்துக்கொண்டோம்.

ஏன் பேஸ்பால், ஏன் முழு சீசன் என்றால், எண்ணிக்கைதான் முதல் காரணம். ஒரு அணிக்கு 162 ஆட்டங்கள், ஏறக்குறைய ஆறு மாதத்துக்குள். கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். நமக்குக் கிரிக்கெட் பழக்கம். அங்கே ஒரு பேட்ஸ்மேன் பூஜ்யத்தில் அவுட் ஆனால் பெவிலியனில் போய் உட்கார்ந்து அதை நினைத்து நினைத்துப் புழுங்க நேரம் கிடைக்கும், அடுத்த வாய்ப்புக்குச் சில நாள்கூட ஆகலாம். பேஸ்பாலில் அவுட் ஆன ஆள் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் மறுபடி வந்து நிற்க வேண்டும். ஒரே ராத்திரியில் நான்கு முறை தோற்கலாம், மறுநாள் மாலை அதே நேரத்துக்கு அதே சீருடையைப் போட்டுக்கொண்டு வர வேண்டும். பத்து முயற்சியில் மூன்று ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாக ஒரு பேஸை எட்டுவது) அடித்தால் அவர் நட்சத்திரம், ஏழு முறை தோற்றதற்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பந்து வீசும் பிட்ச்சர் நிற்கும் இடம் அறுபது அடி ஆறு அங்குலம் தள்ளி. தொண்ணூற்றைந்து மைல் வேகத்தில் வரும் பந்து பேட்டரை அடைய ஏறக்குறைய 0.4 வினாடி. இதில் போன பந்தைப் பற்றிய வருத்தத்துக்கு இடமே கிடையாது. இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு: பால்டிமோர் ஓரியோல்ஸின் கிறிஸ் டேவிஸ், ஒரு காலத்தில் ஒரே சீசனில் ஐம்பது ஹோம் ரன்னுக்கு (பந்தை எல்லைச் சுவருக்கு வெளியே அடிப்பது) மேல் அடித்தவர், 2018 இறுதியிலிருந்து 2019 ஏப்ரல் வரை தொடர்ந்து 54 அட்-பேட்டுகளில் (கணக்கில் வரும் பேட்டிங் முயற்சிகளில்) ஒரு ஹிட்கூட அடிக்க முடியாமல் நின்றார். கடைசியில் பாஸ்டனில் ஒரே ஆட்டத்தில் மூன்று ஹிட் அடித்தார். அந்த இடைப்பட்ட நாட்களில் ஒவ்வொரு மாலையும் அவர் எப்படிக் கிளம்பி மைதானத்துக்கு வந்திருப்பார் என்று யோசித்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

எம்எல்பி டிவியில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மூன்று விதமான பதிவு கிடைக்கும். சில நிமிட ஹைலைட்ஸ், கன்டென்ஸ்டு கேம் என்கிற சுருக்கப் பதிவு, அப்புறம் முழு ஆட்டம். முதல் இரண்டு வாரம் சுருக்கப் பதிவைத்தான் பார்த்தோம், நேரம் மிச்சம் என்று. ஒவ்வொரு பேட்டருக்கும் முடிவைத் தீர்மானித்த பந்து மட்டும் வரும்: அடித்தார், ஓடினார், அவுட், அடுத்தவர். சுறுசுறுப்பாக இருக்கும். ஆனால் நான் பார்க்க வந்தது அதில் இல்லவே இல்லை என்பது கொஞ்ச நாளிலேயே புரிந்துபோனது. மனம் வேலை செய்வது பந்துக்கும் பந்துக்கும் நடுவில்தான், வெட்டித் தூக்கிப் போடுவதும் அதைத்தான்.

முழு ஆட்டத்துக்கு மாறிய பிறகுதான் இந்தச் சந்தாவின் அருமை தெரிந்தது. ஒரு பந்தை ஒருவர் தவறவிடுகிறார், பந்து கேட்ச்சரின் கையுறைக்குள் போய்விட்டது. பேட்டர் நிற்கும் கட்டமான பாக்ஸிலிருந்து ஒரு காலை வெளியே எடுத்து வைக்கிறார். சிலர் பேட்டின் தடித்த பகுதியை முகத்துக்கு நேராகப் பிடித்து அதில் ஒரே புள்ளியைப் பார்ப்பார்கள். சிலர் கையுறையின் பட்டையைப் பிரித்து மறுபடி ஒட்டுவார்கள், பிரிக்கத் தேவையே இல்லாதபோதும். ஒரு நீளமான மூச்சு, தோள் மேலே போய்க் கீழே இறங்குவது சட்டையில் தெரியும். அப்புறம் ஷூ முனையால் மண்ணை இரண்டு தடவை தள்ளிவிட்டு உள்ளே வருவார். அவ்வளவுதான், ஆறேழு வினாடி. இதற்குள் ஒரு தோல்வியை ஓரமாக எடுத்து வைத்தாயிற்று. இதைத் தற்செயலாகச் செய்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது, சொல்லிக் கொடுத்துப் பழக்கப்படுத்திய வேலை. கென் ரவிசா என்ற விளையாட்டு உளவியலாளர் பல வருடம் இதையே ஆட்டக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: மைதானத்தில் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள், தடுமாறும்போது அங்கே பார், மூச்சு விடு, திரும்பி வா. எம்எல்பி ஆட்டக்காரர் இவான் லாங்கோரியா, மைதான எல்லையைக் குறிக்கும் இடது பக்க ஃபவுல் கம்பத்தின் உச்சியைப் பார்ப்பார். ரவிசா வேலை செய்த கால் ஸ்டேட் ஃபுல்லர்ட்டன் பல்கலைக்கழக அணியின் டக்அவுட்டில் (ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம்) பொம்மைக் கழிவறை ஒன்றை வைத்திருந்தார்கள். தப்பு செய்தவர் வந்து அதன் பிடியை அழுத்தி அந்தத் தப்பைத் தண்ணீரோடு அனுப்பிவிட வேண்டும். மகளுக்கு இந்தப் பொம்மைக் கதை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இந்த இடைவெளியும் இப்போது அளந்துதான் கிடைக்கிறது. 2023இல் பிட்ச் கிளாக் வந்தது. பேஸில் ஆள் இல்லாவிட்டால் பதினைந்து வினாடிக்குள் பிட்ச்சர் வீசத் தொடங்க வேண்டும், ஆள் இருந்தால் அந்த வருடம் இருபது, 2024இல் பதினெட்டு. கடிகாரம் எட்டைத் தொடும்போது பேட்டர் தயாராகப் பிட்ச்சரைப் பார்த்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு ஒரு ஸ்ட்ரைக். ஒரு முறை பேட் பிடிக்க வந்தால் ஒரே ஒரு டைம்அவுட். ரசிகர்களுக்கு நல்லதுதான், சராசரி ஆட்ட நேரம் மூன்று மணிக்கு மேல் இருந்தது 2023இல் இரண்டு மணி நாற்பது நிமிடமாகக் குறைந்தது. ஆட்டக்காரருக்கு அது தன்னை மீட்டுக்கொள்ளும் நேரம் சுருங்கியது என்று அர்த்தம். முழு ஆட்டத்தில் திரையோரம் அந்தக் கடிகாரம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே ஒருவர் முகத்தையும் பாருங்கள், எந்த ஹைலைட்ஸிலும் கிடைக்காத பாடம் அது. மகள் ரிமோட்டை வாங்கி நிறுத்தி நிறுத்தி எண்ணினாள்.

ஃப்ரீமேனை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், ஆடாமல் இருக்க முடியாத மனிதர் அவர். 2018இல் 162 ஆட்டங்களும் ஆடினார், 2023இல் 161. 2022இல் டாட்ஜர்ஸுக்கு வந்தபோது போட்ட ஒப்பந்தமும் ஆறு வருடத்துக்கு 162 மில்லியன் டாலர், அந்த எண் அவரை விடாது போலிருக்கிறது. இன்னொரு காரணம், போட்டி மனப்பான்மை என்றாலே பல்லைக் கடித்துக்கொண்டு, எதிராளியை முறைத்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பயிற்சியாளர்களில் சிலரும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஃப்ரீமேன் ஃபர்ஸ்ட் பேஸில் நிற்கும்போது பாருங்கள். எதிரணிக்காரர் ஹிட் அடித்து அங்கே வந்து நின்றால் சிரித்துப் பேசுவார், தோளில் தட்டுவார், கட்டிக்கொள்வார். அடுத்த பந்து வீசப்படும்போது அதே மனிதரை அவுட் ஆக்கக் காலை நீட்டி நிற்பார். இரண்டும் ஒரே ஆளுக்குள் சண்டை போடாமல் இருக்கின்றன. மகள் இதைக் கவனித்துவிட்டு, "இவருக்குக் கோபமே வராதாம்மா?" என்றாள். வராமல் எப்படி இருக்கும், வருவதை எங்கே வைக்கிறார் என்று பார்க்கலாம் என்றேன்.

எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். பத்து வயதில் அம்மாவை மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், அது அம்மாவின் நினைவாக. சின்ன வயதிலிருந்து அவருக்குப் பந்து போட்டுப் பழக்கியவர் அப்பா. பயிற்சியில் அவருடைய இலக்கு எப்போதும் ஒன்றுதான்: இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பின் தலைக்கு மேலே போகும்படி தாழ்வான நேர்க்கோட்டு அடி. ஹோம் ரன்னுக்கு முயல்வது அல்ல. நன்றாக அடிக்கும் வாரமும் அதேதான், ஒன்றும் பிடிபடாத வாரமும் அதேதான். சீசன் முழுக்கப் பார்த்ததில் எனக்குப் பட்டது இது: ஆட்டக்காரரின் உறுதி ஆவேசத்தில் இல்லை, அலுக்கும்வரை ஒன்றையே செய்துவிட்டு, அலுத்த பிறகும் அதையே செய்வதில் இருக்கிறது. இதை யாராவது எனக்கு வாயால் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு மறந்திருப்பேன். நூறு ஆட்டத்துக்கு மேல் பார்த்தால் மறக்க முடியாது.

அந்த சீசன் மார்ச் 20 அன்று சியோலில் தொடங்கியது, அக்டோபர் 30 அன்று நியூயார்க்கில் முடிந்தது. நடுவில் அவருக்கு நடந்ததையெல்லாம் யாரும் திட்டமிட்டிருக்க முடியாது. ஜூலைக் கடைசியில் திடீரென்று அவர் அணியில் இல்லை. மூன்று வயது மகன் மாக்சிமஸுக்கு கியான்-பாரே சிண்ட்ரோம், நரம்புகளைத் தாக்கி உடலைச் செயலிழக்கச் செய்யும் நோய், வென்டிலேட்டர்வரை போனது. எட்டு ஆட்டங்கள் அவர் வரவில்லை. ஆடாமல் இருக்க முடியாத மனிதர் என்று மேலே எழுதினேன் அல்லவா, அந்த எட்டு ஆட்டங்களில் அவர் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தார். மகன் தேறத் தொடங்கிய பிறகு, ஆகஸ்ட் 5 அன்று ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸுக்கு எதிராகத் திரும்பி வந்தார். முதல் முறை பேட் பிடிக்க வந்தபோது மைதானம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடி மாட்டினார், பாக்ஸுக்குள் போனார். இந்த ஆட்டத்தைப் பதிவில் மூன்று முறை பார்த்தேன். ஹெல்மெட்டை மறுபடி மாட்டும் அந்த நொடியில் முகம் மாறுகிறது. அழுகை அப்படியே இருக்கிறது, அதற்கு மேல் இன்னொன்று வந்து உட்காருகிறது.

ஆகஸ்ட் 17 அன்று செயின்ட் லூயிஸில் வலது கை நடுவிரலில் மயிரிழை முறிவு. காயப் பட்டியலுக்குப் போகவில்லை. செப்டம்பர் 26 அன்று சான் டியாகோவுக்கு எதிரான ஆட்டத்தில் ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓடும்போது வலது கணுக்கால் மோசமாகச் சுளுக்கிக்கொண்டது. வழக்கமான சீசனை 147 ஆட்டங்கள், .282 சராசரி (ஆயிரம் அட்-பேட்டுக்கு 282 ஹிட் என்ற கணக்கு), 22 ஹோம் ரன் என்று முடித்தார். மற்றவர்களுக்கு நல்ல வருடம், அவருடைய அளவுக்குக் கொஞ்சம் குறைவு. போஸ்ட்சீசனின் முதல் இரண்டு சுற்றுகளில் நொண்டிக்கொண்டே ஆடினார், சில ஆட்டங்களில் உட்கார வேண்டியிருந்தது. அந்த இரண்டு சுற்றுகளிலும் சேர்த்து 32 அட்-பேட்டில் ஏழு ஹிட், ஏழும் முதல் பேஸ்வரை மட்டும் போகும் சிங்கிள். விலா எலும்புக் குருத்தும் உடைந்திருந்தது என்பது சீசன் முடிந்த பிறகுதான் வெளியே வந்தது. அந்த ஆட்டங்களைப் பார்ப்பதே கஷ்டமாக இருந்தது, உண்மையைச் சொன்னால் இரண்டு நாள் நான் பார்க்கவில்லை. மகள்தான் விடாமல் பார்த்தாள்.

பதிவாகப் பார்ப்பவர்களுக்கு இதில் ஒரு நல்ல வசதி, ஸ்கோரை மறைத்து வைக்கும் அமைப்பு. அதைப் போட்டுவிட்டால் பட்டியலில் யார் ஜெயித்தார் என்று தெரியாது. அக்டோபர் 25 அன்று நடந்த, சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்டு சீரிஸின் முதல் ஆட்டத்தை அப்படித்தான் மறுநாள் பார்த்தோம், கைப்பேசியைத் தொடாமல், யாரிடமும் பேசாமல். முதல் இன்னிங்ஸிலேயே ஃப்ரீமேன் அந்தக் கணுக்காலோடு மூன்றாவது பேஸ்வரை ஓடினார். பத்தாவது இன்னிங்ஸில் எதிரணியான நியூயார்க் யாங்கீஸ் 3, டாட்ஜர்ஸ் 2. ஒரு அவுட், பேஸில் இரண்டு பேர். யாங்கீஸ் பிட்ச்சர் நெஸ்டர் கோர்டெஸை அழைக்கிறார்கள், காயத்தால் ஒரு மாதத்துக்கு மேல் பந்தே வீசாதவர். அவருடைய முதல் பந்தில் டாட்ஜர்ஸின் ஒட்டானி அவுட், ஆனால் கேட்ச் பிடித்த யாங்கீஸின் வெர்டுகோ தடுப்பைத் தாண்டிப் பார்வையாளர் பக்கம் விழுந்துவிட்டதால் ஓடுபவர்கள் இருவரும் ஒரு பேஸ் முன்னேறினார்கள். அடுத்து டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸ். அவரை வேண்டுமென்றே வாக்கில், அதாவது அடிக்க விடாமல் முதல் பேஸுக்கு, அனுப்பிவிட்டார்கள், அடுத்து வருகிற ஃப்ரீமேன் பரவாயில்லை என்று.

இந்த இடத்தில் மகள் நிறுத்தச் சொன்னாள். தன்னைவிட இன்னொருவருக்குப் பயந்து தன்னிடம் பந்து போட வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்தானே, என்ன நினைப்பார் என்று கேட்டாள். திரையில் அவர் முகம் நின்றிருந்தது. ஒன்றுமே இல்லை அதில், மே மாதத்து ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் எப்படி இருந்ததோ அப்படியே. மறுபடி ஓடவிட்டோம். முதல் பந்து, உள்பக்கமாக வந்த வேகப்பந்து. அடித்த உடனேயே தெரிந்துவிட்டது. பேட்டை ஒரு கையில் உயரத் தூக்கிப் பிடித்தபடி நின்றார், பந்து வலது பக்க இருக்கைகளில் விழுந்தது. வேர்ல்டு சீரிஸ் வரலாற்றில் ஆட்டத்தை முடித்துவைத்த முதல் கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது அடிக்கும் ஹோம் ரன்). 1988இல் அதே மைதானத்தில், அதே முதல் ஆட்டத்தில், இரண்டு கால்களும் சரியில்லாமல் வந்து ஆட்டத்தை முடித்த ஹோம் ரன்னை அடித்த டாட்ஜர்ஸின் கர்க் கிப்சன் நினைவுக்கு வராத டாட்ஜர்ஸ் ரசிகர் இருந்திருக்க மாட்டார். சுற்றி வந்த பிறகு ஃப்ரீமேன் நேராக வலைக்குப் பின்னால் நின்ற அப்பாவிடம் ஓடினார். எங்கள் வீட்டில் மூன்று பேரும் அழுதோம்.

அதற்கு அடுத்த மூன்று ஆட்டங்களிலும் ஒவ்வொரு ஹோம் ரன். தொடர் முடிவில் 12 ரன்களுக்குக் காரணமாகி, 1960இல் பாபி ரிச்சர்ட்சன் வைத்த சாதனையைச் சமன் செய்து, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார்.

எதிர்ப்பக்கமும் பார்க்க முடிவதுதான் முழுச் சந்தாவின் நன்மை. அதே தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் யாங்கீஸ் 5-0 என்று முன்னிலையில் இருந்தபோது அந்த அணியின் ஆரன் ஜட்ஜ் சுலபமான ஒரு கேட்ச்சைத் தவறவிட்டார். அந்த இன்னிங்ஸிலேயே ஐந்து ரன் போய், ஆட்டம் 7-6 என்று கைவிட்டுப் போனது. அவரைக் கேலி செய்வதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2016இல் முதன்முதலில் எம்எல்பிக்கு வந்தபோது அவர் சராசரி .179, 84 அட்-பேட்டில் 42 ஸ்ட்ரைக்அவுட். அந்த .179 என்ற எண்ணைக் கைப்பேசியில் குறிப்பாக எழுதி வைத்துக்கொண்டு அடிக்கடி பார்ப்பாராம். அடுத்த வருடம் 52 ஹோம் ரன். மறப்பதுதான் வழி என்று ரவிசாவின் பொம்மையில் கற்றோம், ஜட்ஜ் நினைவில் வைத்துக்கொண்டே மீண்டிருக்கிறார். பந்துக்கும் பந்துக்கும் நடுவில் மறக்க வேண்டும், சீசனுக்கும் சீசனுக்கும் நடுவில் நினைக்க வேண்டும் என்று நான் புரிந்துகொள்கிறேன், தப்பாகவும் இருக்கலாம்.

இன்னொரு வசதி, வர்ணனையைத் தேர்ந்தெடுப்பது. உள்ளூர் அணியின் ஒளிபரப்பு, வெளியூர் அணியின் ஒளிபரப்பு, வேண்டுமானால் வானொலி வர்ணனை. தன் அணி ஆளைத் தினமும் பார்க்கிற வர்ணனையாளர் கால் வைக்கும் இடம் ஒரு அங்குலம் மாறினாலும் சொல்லிவிடுவார். எதிரணி ஒளிபரப்பைப் போட்டால் அவரை எப்படி வீழ்த்தத் திட்டமிடுகிறார்கள் என்பது கேட்கும். ஒரே ஆட்டத்தை இரண்டு விதமாகக் கேட்டால் போட்டி என்பது இரண்டு மனங்களுக்கு நடுவில் நடப்பது என்பது புரியும். அதோடு அடியின் வேகமும் திரையில் வருகிறது, பந்தின் அசைவை அளக்கும் ஸ்டாட்காஸ்ட் கருவிகள் 2015 முதல் எல்லா மைதானங்களிலும் இருக்கின்றன. மணிக்கு 95 மைலுக்கு மேல் போனால் நல்ல பலமான அடி. அது நேராக ஒருவர் கையில் போய் விழுந்து அவுட் ஆனாலும் அடித்தவர் தப்புச் செய்யவில்லை. ஸ்கோர் அட்டையில் பூஜ்யம், ஆனால் சரியாகத்தான் ஆடினார் என்று காட்ட ஒரு எண் இருப்பது பிள்ளைகளுக்கு விளக்க ரொம்ப உதவியது.

குறைகள் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் எரிச்சல் தந்தது, மூன்றாவது அவுட் விழுந்த நொடியில் விளம்பர இடைவேளைக்குப் போய்விடுவது. அவுட் ஆனவர் டக்அவுட்டுக்கு நடந்து போவது, ஹெல்மெட்டை எங்கே வைக்கிறார், யாரிடம் பேசுகிறார் என்பதையெல்லாம் பார்க்கவே விடுவதில்லை. என்னைப் போல் பார்க்கிறவர்களுக்கு அதுதான் தேவைப்படும். அப்புறம் நேரம். வேலைக்குப் போகிற யாராலும் தினமும் இரண்டரை மணி நேரம் ஒதுக்க முடியாது. பதிவில் இன்னிங்ஸ் வாரியாகத் தாவ முடிவதால் ஃப்ரீமேன் பேட் பிடிக்கும் நான்கு இன்னிங்ஸை மட்டும் முழுசாகப் பார்த்தோம், நாற்பது நிமிடத்துக்குள் முடியும். ஆனால் அதற்கு நாமே தேடித் தேடிப் போக வேண்டியிருந்தது.

ஐந்துக்கு நான்கு தருவேன். பிளாக்அவுட்டுக்காக ஒன்றைக் குறைத்தேன். ஹோம் ரன்களைப் பார்த்தால் போதும் என்பவர்கள் இதற்குப் பணம் கட்ட வேண்டாம், அவை இலவசமாகவே இணையத்தில் கிடைக்கின்றன. விளையாடும் பிள்ளை வீட்டில் இருந்தால், சேர்ந்து உட்கார நேரமும் இருந்தால், தயங்காமல் எடுங்கள். ஒரே ஆளைத் தேர்ந்தெடுங்கள், ஏப்ரலில் தொடங்குங்கள், சுருக்கப் பதிவைத் தொடாதீர்கள்.

மகள் இன்னும் ஸ்ட்ரைக்அவுட் ஆகிறாள். இப்போது ஒரு காலை வெளியே எடுத்து வைத்து, பேட்டில் ஒட்டிய சின்ன மஞ்சள் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறாள். எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி உதடு அசையும், எண்ணுகிறாள். அடுத்து யாரைப் பின்தொடர்வது என்பதை அவளே முடிவு செய்யப் போகிறாளாம். நன்றாக ஆடிக்கொண்டிருப்பவர் வேண்டாமாம், போன சீசன் சரியாகப் போகாத ஒருவர்தான் வேண்டுமாம். பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறாள்.